கறுத்த முன்பல்லைப் பிடுங்கிவிடலாமா?

பல் மருத்துவ ஆலோசனை

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கம் மட்டும் இங்கே.

12 வயதில், மழை நாளில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் அடி. இடது பல்லின் நுனி மூன்றில் ஒரு பங்கு உடைந்துபோனது. அப்போது வைத்த அடைப்பு சில மாதங்களில் விழுந்துவிட, பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். வலது பல் உடையவில்லை. ஆனால் கல்லூரி நாள்களில் மெல்ல நிறம் மாறத் தொடங்கி, இன்று சாம்பல் நிறமாக இருக்கிறது. வலி இல்லை. அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் எப்போதாவது ஒரு கொப்புளம் வந்து தானாக அமுங்கிவிடுகிறது. கீழே இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிப் பாதி உடைந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் போய்விட்டுப் பஸ்ஸில் மலையேறும்போது அதில் விண்விண்ணென்று தெறிக்கிறது. வீட்டில் தேயிலைத் தோட்டம் உண்டு; ஒரு நாளைக்குச் சர்க்கரை போட்ட டீ ஐந்தாறு தடவை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருவதால் அந்த இடங்களைத் தொடாமல் விட்டுவிடுகிறார். கறை போக, வீடியோவில் பார்த்தபடி எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் இரண்டு மாதமாகத் தேய்த்துவருகிறார். இப்போது குழாய்த் தண்ணீர் பட்டாலே கூசுகிறது.

தை மாதம் கல்யாணம். ஒரு கிளினிக்கில், கறுத்த பல்லை எடுத்துவிட்டு முன்னால் உள்ள எட்டுப் பற்களுக்கும் சேர்த்துக் கேப் (பல்லை மூடும் உறை) போட்டால் சிரிப்பே மாறிவிடும் என்றார்களாம். தெரிந்தவர் ஒருவர், ஒரே நாளில் பல் கட்டித் தருகிற ஆளிடம் அழைத்துப்போவதாகச் சொல்கிறார். அம்மாவோ, மேல்பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும், கல்யாணத்துக்கு முன்னால் எதையும் தொடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

வாசகிக்கு,

மூவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நல்ல பற்களை ராவாமல், முன்பல்லைப் பிடுங்காமல், தை மாதத்துக்குள் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கும் நிலைக்கு வர வாய்ப்பு அதிகம். கையில் ஏறத்தாழ நான்கு மாதம் இருக்கிறது, போதும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை தப்பக் கூடாது. எனக்குக் கவலையெல்லாம் அந்த வரிசையைப் பற்றித்தான்.

போகிற போக்கில் எழுதிய அந்தக் கொப்புளம்தான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி. அடிபட்ட அதிர்ச்சியில் பல்லின் வேர் நுனியில் நுழையும் ரத்தக் குழாய் அறுந்துபோனால், உள்ளே இருக்கும் பற்கூழ் (பல்லின் நரம்பு உள்ள மென்திசு) உயிரிழந்துவிடும். கசிந்த ரத்தமும் சிதைந்த திசுவும் பல்லின் உள்சுவரில் ஊறித்தான் இந்தச் சாம்பல் நிறம் வருகிறது. நரம்பு இறந்துவிட்டதால் வலி தெரியாது. வலி இல்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்று ஆகாது. கிருமி வேர் நுனியைத் தாண்டி எலும்பில் கூடு கட்டி, சேரும் சீழுக்கு ஈறு வழியாக ஒரு வாசல் திறந்துகொள்கிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் கொப்புளம். சீழ் வெளியேறிவிடுவதால் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. அந்த வாசல் அடைபட்டால் ஒரே இரவில் உதடும் மூக்கோரமும் வீங்கிவிடலாம். கல்யாண வாரத்தில் அப்படி நடக்கக் கூடாது.

எனவே முதல் வேலை அழகு சிகிச்சை அல்ல, சோதனை. இரண்டு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் தனித்தனியாகச் சிறிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இடது முன்பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று குளிர் வைத்துப் பார்க்க வேண்டும். கொப்புளம் தெரிகிற நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது: அதன் வாய்க்குள் மெல்லிய கட்டாபெர்ச்சா (ரப்பர் போன்ற பொருள்) குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

பிடுங்கினால் என்ன ஆகும்?

பல்லை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் பல் இருந்த இடத்து எலும்பு முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகக் கரையும். ஒரு வருடத்தில் அந்த எலும்பு மேட்டின் அகலம் பாதி அளவுக்குக்கூடக் குறைந்துவிடலாம். இப்போது பிடுங்கிவிட்டு உடனே பாலம் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பல்) கட்டினால், சில மாதங்களில் ஈறு உள்வாங்கி, கட்டிய பல்லுக்குக் கீழே கருப்பாக ஓர் இடைவெளி தெரியும். சிரித்தால் முதலில் கண்ணில் படும் இடம் அது. பாலம் கட்ட இரு பக்கப் பற்களையும் ராவ வேண்டும். அவற்றில் ஒன்று, உடைந்தாலும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும் உங்கள் இடது முன்பல். இம்பிளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் பல்) என்றால் எலும்பு ஆறவும் திருகு பிடிக்கவும் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், தைக்குள் முடியாது. வேரில் நெடுக்கு விரிசல், அல்லது வேரே கரைந்துபோன நிலை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் மட்டும் பிடுங்குவது பற்றிப் பேசலாம்.

எட்டுக் கேப் எதற்கு?

உங்கள் வாயில் கெட்டிருக்கும் முன்பற்கள் இரண்டு. எட்டுக்குக் கேப் என்றால் ஆறு நல்ல பற்களை ராவ வேண்டும். ஒரு கேப் உட்கார நுனியில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் பல்லில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். போன எனாமல் திரும்ப வளராது. ராவிய பற்களில் சிலவற்றுக்குப் பின்னாளில் நரம்பு செத்து வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்படும். நன்றாகப் பராமரித்தாலும் கேப்பைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். 26 வயதில் தொடங்கினால் வாழ்நாளில் எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வெனீருக்கு (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் எடுப்பார்கள் என்றாலும், எடுத்தது எடுத்ததுதான். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, வேறு வழிகளையும் விளக்கி, பிறகுதான் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். எழுத்தில் செலவு விவரமும் எக்ஸ்ரேயின் பிரதியும் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

கறுத்த பல்லை உள்ளிருந்தே வெளுக்கலாம்

உங்களுக்கு ஏற்ற வழி இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வேர் சிகிச்சை. 'ரூட் கெனால் செய்தால் பல் செத்துவிடுமாமே' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பல்லின் நரம்பு பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டது. இறந்த திசுவையும் கிருமியையும் எடுத்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றுவதே இந்தச் சிகிச்சை. முன்பல்லுக்கு ஒரே வேர், பெரும்பாலும் ஒரே குழாய். துளை அண்ணப் பக்கமாகப் போடுவதால் வெளியே தெரியாது. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி எச்சில் படாமல் வேலை செய்கிறார்களா என்று கவனியுங்கள். சீழ் இருப்பதால் குழாயைக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து ஒன்றிரண்டு வாரம் விட்டு, கொப்புளம் மறைந்த பிறகு நிரந்தரமாக அடைப்பது நல்லது. அடிபட்ட பற்களில் சில நேரம் குழாய் சுருங்கி நூலிழையாகி இருக்கும். எக்ஸ்ரேயில் அப்படித் தெரிந்தால், வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவரிடம் போங்கள். இங்கே இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்குக் கோவை வரை போய் வந்தாலும் தகும்.

அடுத்தது உள்வெளுப்பு. வேர் அடைப்பின் மேற்பகுதியை ஈறு மட்டத்துக்குச் சற்று உள்ளே வரை எடுத்துவிட்டு, அதன்மேல் 2 மில்லிமீட்டர் கனத்துக்குக் கிளாஸ் அயனோமர் (பல்லோடு ஒட்டும் ஒரு சிமென்ட்) தடுப்பு போட வேண்டும். அதற்கு மேல் சோடியம் பெர்போரேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்து, தற்காலிகமாக மூடி அனுப்புவார்கள். வாரம் ஒரு தடவை மாற்றினால், பொதுவாக இரண்டு முதல் நான்கு தடவைக்குள் நிறம் ஏறிவிடும். பக்கத்துப் பல்லைவிடச் சற்றே வெள்ளையாக வந்ததும் நிறுத்துவது வழக்கம். பிறகு கொஞ்சம் மங்கிச் சமமாகும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. கிளாஸ் அயனோமர் தடுப்பு போடாமல் விட்டாலோ, வேகமாக வெளுக்கட்டும் என்று 30, 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் சூடு காட்டினாலோ, மருந்து வேரின் கழுத்துப் பக்கம் கசிந்து, சில வருடங்களில் அந்த இடத்தில் வேர் அரிக்கத் தொடங்கும் ஆபத்து கூடுகிறது. அதனால் 'சோடியம் பெர்போரேட்டும் தண்ணீரும்தானே, தடுப்பு போட்டாயிற்றா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, தற்காலிக மூடி விழுந்துவிடுவது. அப்படியே நாள்கணக்கில் விட்டால் எச்சில் உள்ளே இறங்கி, செய்த வேர் சிகிச்சையே கெடும். மூன்றாவது, வெளுப்பு முடிந்த மறுநாளே நிரந்தர அடைப்பு வைப்பது. பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் காம்போசிட்டை (பல் நிற அடைப்புப் பொருள்) சரியாக இறுக விடாது. ஒன்றிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

ரத்தம் ஊறி வந்த சாம்பல் நிறம் பெரும்பாலும் நன்றாகவே வெளுக்கும். சிலருக்கு வருடங்கள் கழித்து மறுபடி மங்கும், மறுபடி வெளுத்துக்கொள்ளலாம். நான்கு தடவைக்குப் பிறகும் போதிய மாற்றம் இல்லையென்றால், அப்போது அந்த ஒரு பல்லுக்கு மட்டும் வெனீரோ கேப்போ போடலாம். வேர் சிகிச்சை செய்த பல் எல்லாவற்றுக்கும் கேப் கட்டாயம் என்பது கடைவாய்ப் பற்களுக்குத்தான் பெரிதும் பொருந்தும். உடையாமல் முழுதாக நிற்கும் முன்பல்லுக்கு அண்ணப் பக்கத் துளையை அடைத்தாலே போதும்.

உடைந்த இடது பல்

தண்ணீர் பட்டால் அந்தப் பல்லும் கூசுகிறது என்றால், அதுவே அதற்கு உயிர் இருப்பதன் அடையாளம். சோதனையிலும் அப்படியே வந்தால், காம்போசிட் கொண்டு நுனியைக் கட்டியெழுப்புவது ஒரே அமர்வில் முடிகிற வேலை. பெரும்பாலும் ஊசிகூட வேண்டியிருக்காது. நிறத்தைத் தேர்வதைத் தொடக்கத்திலேயே, பல் ஈரமாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் செய்யச் சொல்லுங்கள். பல் காய்ந்தால் வெளிறிக் காட்டும். அந்த நிறத்துக்குப் பொருத்தினால் மறுநாள் அடைப்பு தனியே தெரியும். எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி, பிணைப்புத் திரவம் பூசி, 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒளி காட்டி இறுக்குவார்கள். உங்களுக்குச் சிறு வயதில் வைத்த அடைப்பு சீக்கிரம் விழுந்ததற்கு அநேகமாக ஈரம் பட்டதோ, கடிக்கும்போது கீழ்ப்பல் இடித்ததோ காரணமாக இருந்திருக்கும். ஆகவே முடித்த பிறகு கார்பன் தாளைக் கடிக்க வைத்து, முன்னால் தள்ளிக் கடித்துப் பார்த்து, இடிக்கும் இடத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இது ஐந்து முதல் ஏழு வருடம் வரை நிற்கும். விளிம்பு பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். கேப்பில் அந்த வசதி இல்லை. தையல் நூலைப் பல்லால் அறுப்பது, நகம் கடிப்பது, முறுக்கை முன்பல்லால் உடைப்பது ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஈறும் கறையும்

மேற்சொன்ன அடைப்பு வேலைக்கு முன்பே ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தாக வேண்டும். ரத்தம் வரும் ஈறை ஒட்டி எந்த அடைப்பும் சரியாகப் பிடிக்காது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. பற்களுக்கு இடையே காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் நாக்குக்கு இடைவெளி தெரியும். சில நாள் கூசும். பல்லை ஆட வைப்பது காரையும் அதன் கீழுள்ள கிருமியும்தான். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதால் ரத்தம் கூடும். மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் பொறுமையாகத் துலக்க வேண்டும். ஸ்கேலிங்குக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

எலுமிச்சையையும் சோடாவையும் இன்றோடு நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 2-ஐ ஒட்டியது (எண் குறையக் குறைய அமிலம் கூடும்), 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். மேற்பரப்பைக் கரைத்து, அதையே தேய்த்தும் எடுத்திருக்கிறீர்கள். கூச்சம் அதனால்தான். அமிலம் சொரசொரப்பாக்கிய பல்லில் டீக்கறை முன்பைவிடச் சுலபமாகப் படியும். 1000 முதல் 1500 பி.பி.எம். வரை ஃபுளோரைடு உள்ள பற்பசை, காலையிலும் படுக்கும் முன்பும். துலக்கிய பின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசித் தள்ள வேண்டாம். கூச்சம் அடங்கும்வரை பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையும் உதவும். மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

டீயை விடச் சொல்ல மாட்டேன். டீக்கறை வெளியே படிவது. ஸ்கேலிங்கும் பாலிஷும் செய்தால் போய்விடும். உங்கள் கடைவாய்ப் பல்லைத் தின்றது டீயில் போடும் சர்க்கரை. ஒவ்வொரு இனிப்பு டீக்குப் பின்னும் அரை மணி நேரம்வரை வாயில் அமிலம் நிற்கும். ஐந்தாறு டீ என்றால் ஐந்தாறு தடவை. நாட்டுச் சர்க்கரையானாலும் கணக்கு ஒன்றுதான். இனிப்பு டீயைச் சாப்பாட்டோடு இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டு, மற்றதைச் சர்க்கரை இல்லாமல் குடித்துப் பாருங்கள். காம்போசிட் வைத்த முதல் இரண்டு நாள் மட்டும் கட்டன் டீ, மஞ்சள் தூக்கலான குழம்பு வேண்டாம்.

மலையேறும்போது வரும் வலி

மேட்டுப்பாளையத்துக்கும் உங்கள் ஊருக்கும் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயர வித்தியாசம். ஏற ஏற வெளிக் காற்றழுத்தம் குறையும். சொத்தைப் பல்லின் உள்ளே வீங்கிய கூழோ, அடைபட்ட வாயுவோ இருந்தால், அந்த மாற்றத்தில் வலி தெறிக்கும். விமானத்தில் போகிறவர்களிடம் நன்கு அறியப்பட்ட வலி இது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். மாத்திரை போட்டுத் தள்ளிப்போடும் கட்டம் தாண்டிவிட்டது. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது திடமான சுவர் மிச்சமிருந்தால் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக் காப்பாற்றலாம். இல்லையென்றால் எடுத்துவிடுவதே நல்லது. அந்தப் பக்கம் மெல்ல முடியாமல் முன்பற்களால் கடித்துச் சமாளிக்கும் பழக்கம் வந்துவிட்டால், முன்னால் செய்த அழகு வேலை முதலில் பெயரும்.

ஒரே நாளில் கட்டும் பல், கண் பார்வை பயம்

ஒரே நாளில் கட்டித் தருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, தானாக இறுகும் அக்ரிலிக்கை இடைவெளியில் வார்த்து, பக்கத்துப் பற்களோடும் ஈறோடும் சேர்த்து ஒட்டிவிடுவது. இறுகும்போது வரும் சூடும் மருந்தும் ஈறைப் புண்ணாக்கும். அடியில் பிரஷ் நுழையாததால் நாற்றமும் சீழும் சேர்ந்து, ஒன்றிரண்டு வருடத்தில் நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் இந்தச் சிகிச்சைகளைச் செய்யலாம் என்பது 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் என்ன என்று கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அம்மாவின் பயத்தைத் தட்டிவிடாதீர்கள். தலைமுறைகளாகச் சொல்லிவரும் பயம் அது. ஆனால் மேல்பற்களுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. முன்பல்லில் செய்யும் வேர் சிகிச்சையால் பார்வை போகாது. அந்தச் சீழைப் பல வருடம் வைத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

எந்த மாதத்தில் எது

புரட்டாசி முடிவதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேலிங், வலது முன்பல்லுக்கும், காப்பாற்ற முடிந்தால் கடைவாய்ப் பல்லுக்கும் வேர் சிகிச்சை தொடக்கம். ஐப்பசியில் வேர் சிகிச்சைகளை முடித்து, கடைவாய்ப் பல்லுக்கு முடிவு கட்டிவிடுங்கள். கார்த்திகையில் உள்வெளுப்பு. மார்கழி முதல் பாதியில் காம்போசிட். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் எந்த வேலையும் இல்லாமல் காலியாக இருக்கட்டும். சின்னத் திருத்தம் வேண்டியிருந்தால் உதவும். முழு வரிசையையும் வெளுக்க ஆசைப்பட்டால் அதை காம்போசிட்டுக்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் அடைப்பின் நிறம் பிறகு வெளுக்காது. ஆனால் இப்போதுள்ள கூச்சத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்கேலிங் முடித்துப் பாருங்கள், தேவையே இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிச் சரிவில்தான் மழை வலுக்கும். மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. வாரம் ஒருமுறை மருந்து மாற்றும் உள்வெளுப்பைக் கோவையில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஊட்டியிலோ, மேலேயே உள்ள மருத்துவரிடம் செய்யுங்கள். மூடி விழுந்தால் அன்றோ மறுநாளோ பக்கத்தில் யாரிடமாவது போய், கிளாஸ் அயனோமர் வைத்து மூடச் சொல்லுங்கள். செலவு கவலையாக இருந்தால், எக்ஸ்ரே, ஸ்கேலிங், பல் எடுத்தல் போன்றவற்றை முதலில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் விசாரியுங்கள். கோவையில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. ஆனால் நடை அதிகமாகும்.

கல்யாணத்துக்குப் பிறகு, ஆறாவது மாதத்திலும் ஒரு வருடத்திலும் வலது முன்பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியில் எலும்பு நிறைந்துவருகிறதா, கழுத்துப் பக்கம் அரிப்பு ஏதும் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் கர்ப்பமானால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத எக்ஸ்ரேயைத் தள்ளி வைக்கலாம், வெளுக்கும் மருந்தை அந்தக் காலத்தில் தொடுவதில்லை. முதல் சந்திப்புக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். வேர் நுனியில் இருக்கும் கருநிழலை எக்ஸ்ரேயில் அவரே பார்க்கட்டும்.